காணாக்கடியும் இரத்தத்தின் சாட்சியும்

சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் உள்ள தேக்கா சந்தைக்குள் நுழைந்தால், இறாலும் நண்டும் பனிக்கட்டியின்மேல் குவிந்திருக்கக் காண்கிறோம். வீட்டில் ஒரே சட்டி இறால் குழம்பை எல்லாரும் உண்கிறோம். ஒரு பிள்ளைக்கு மட்டும் உதடு வீங்குகிறது, உடம்பெங்கும் தடிப்பு எழும்புகிறது. நம் பாட்டிமார் இதைக் காணாக்கடி என்றார்கள். கண்ணுக்குத் தெரியாத ஏதோ கடித்துவிட்டது என்பது பொருள். அந்தக் காணாத ஒன்று எது?

1921ஆம் ஆண்டு ஜெர்மனியில் பிரவுஸ்னிட்ஸ், கியூஸ்ட்னர் என்னும் இரு மருத்துவர்கள் ஒரு சோதனை செய்தார்கள். கியூஸ்ட்னருக்கு மீன் ஒவ்வாது. அவருடைய இரத்தநீரைப் பிரவுஸ்னிட்ஸ் தம் தோலில் ஏற்றிக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன்சாற்றை ஏற்றவும் தோல் தடித்தது. ஒவ்வாமைக்குரிய பொருள் உண்பவரின் இரத்தத்தில் இருக்கிறது என்பது புலனாயிற்று.

அப்பொருளை 1966இல் அமெரிக்காவில் பணியாற்றிய ஜப்பானியத் தம்பதியர் இஷிசாக்கா இனங்கண்டனர். 1967இல் சுவீடனின் யோகான்சன், பென்னிக் ஆகியோரும் தனியே கண்டனர். 1968இல் அதற்கு ஐ.ஜி.ஈ. என்று பெயர் சூட்டப்பட்டது. இது உடலின் சில உயிரணுக்கள்மேல் காத்திருக்கும். இறாலின் புரதம் வந்து தொட்டதும் அவ்வணுக்கள் ஹிஸ்டமினைக் கொட்டும். அரிப்பும் வாந்தியும் மூச்சிரைப்பும் அதனால் வருபவையே.

நன்றாக வேகவைத்தால் போதாதா? போதாது. இறாலின் ஒவ்வாமைப் பொருள் கொதித்தாலும் அழிவதில்லை என்று 1989இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தினர் காட்டினர். அது டிரோபோமயோசின் என்னும் தசைப் புரதம் என்று 1993இல் அவர்களும் அமெரிக்க ஆய்வாளரும் அறிவித்தனர். நண்டிலும் அப்புரதம் உண்டு. மெத்தைத் தூசியில் வாழும் நுண்பூச்சியிலும் கரப்பானிலும் அதை ஒத்தது உண்டு.

சிங்கப்பூர்ப் பிள்ளைகளிடையே கேள்வித்தாள் மூலம் எடுத்த கணக்கு 2010இல் வெளிவந்தது. 14 முதல் 16 வயதினரில் நூற்றுக்குச் சுமார் ஐவருக்கு இறால், நண்டு வகை ஒவ்வாமை இருப்பதாகக் கண்டார்கள்.

ஆயினும் ஒன்றை மறவாதிருப்போம். தூசிப்பூச்சி ஒவ்வாதவர் இறாலைச் சுகமாக உண்டுவந்தாலும், அவர் இரத்தத்தில் இறாலுக்கான ஐ.ஜி.ஈ. தென்படலாம். இரத்தம் சாட்சி சொல்லும், தீர்ப்புச் சொல்லாது. உண்டபின் என்ன நேர்ந்தது என்பதையும் மருத்துவரிடம் விவரமாகச் சொல்லுவோம்.

“கொஞ்சம் தின்றால் பழகிவிடும்” என்று பிள்ளையை வற்புறுத்த வேண்டாம். சம்பலில் சேரும் பெலாச்சானும் இறால் வகையே. மூச்சுத் திணறினாலோ மயங்கினாலோ கைமருந்தில் காலம் கடத்தலாகாது. உயிர் காப்பது அட்ரினலின் ஊசி. சிங்கப்பூரில் 995ஐ அழைப்போம். தோட்டப்புறத்தில் கிடைத்த வண்டியில் மருத்துவமனைக்கு விரைவோம்.