பந்தி வஞ்சனை

ஒரே பந்தியில் ஒருவர் இலையில் வடை, பாயசம். பக்கத்து இலைக்கு ரசத்தோடு சரி என்றால் அதற்குப் பந்தி வஞ்சனை என்று பெயர். செய்யக் கூடாத பாவம் என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். கணினிக்காரர்களோ இந்தப் பாவத்தை ஒழுங்காகச் செய்யக் கற்றுக்கொள்வதற்குள் முப்பது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. இன்று பள்ளியின் இணையதளத்தில் ஒரே முகவரியைத் திறந்தால் மாணவனுக்கு அவன் மதிப்பெண் மட்டும் தெரிகிறது; ஆசிரியருக்கு மதிப்பெண் போடும் கட்டங்களும் சேர்ந்து வருகின்றன.

கதை அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் தொடங்குகிறது. ஒரு பெரிய கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்த வழிசெய்யும் சி.டி.எஸ்.எஸ். என்ற அமைப்பை 1961-ல் பெர்னாண்டோ கோர்பாட்டோவின் குழு இயக்கிக் காட்டியது. அவரவர் கோப்பு அவரவருக்கு மட்டும் என்பதற்காக ஆளுக்கொரு பாஸ்வேர்டு வந்தது. 1962-லேயே ஆலன் ஷெர் என்ற ஆய்வாளர், தனக்கு ஒதுக்கிய நேரம் போதாமல், பாஸ்வேர்டு கோப்பை அச்சிடும்படி கணினிக்கே பஞ்ச் கார்டில் உத்தரவு போட்டார். அதுவும் சமர்த்தாக அச்சிட்டுக் கொடுத்தது.

1966-ல் நடந்தது இன்னும் வேடிக்கை. இரண்டு நிர்வாகிகள் ஒரே நேரத்தில் வேலை செய்தார்கள்; ஒருவர் பாஸ்வேர்டு கோப்பைத் திருத்துகிறார், மற்றவர் அன்றைய அறிவிப்பை எழுதுகிறார். திருத்தும் மென்பொருள் இருவருக்கும் ஒரே பெயரில் தற்காலிகக் கோப்பை வைக்க, இரண்டும் இடம் மாறிப்போயின. லாகின் செய்தவர்களுக்கெல்லாம் அறிவிப்புக்குப் பதில் எல்லோருடைய பாஸ்வேர்டும் வந்து விழுந்தது. அன்றைக்கு மட்டும் எல்லா இலையிலும் எல்லாம்!

பாஸ்வேர்டு ஆளைத்தான் அடையாளம் காட்டும். அந்த ஆள் எதையெல்லாம் பார்க்கலாம்? ராணுவத்தில் ரகசியம், பரம ரகசியம் என்று கோப்புக்கு முத்திரை குத்தினார்கள். வேறு இடங்களில் கோப்பின் சொந்தக்காரரே யாருக்குக் காட்டுவது என்று முடிவு செய்தார். வங்கிக்கு இரண்டும் பொருந்தாது. கவுன்ட்டரில் இருப்பவர் கணக்கைத் திறந்து பார்க்கிறார் என்பதற்காக அது அவர் சொத்தாகிவிடுமா? 1992-ல் அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட்டைச் சேர்ந்த டேவிட் ஃபெராயோலோ, ரிச்சர்ட் குன் இருவரும் இதைத்தான் எழுதினார்கள்: உரிமையை ஆளுக்குக் கொடுக்காதே, நாற்காலிக்குக் கொடு. டாக்டர், நர்ஸ், காசாளர் என்று நாற்காலிகளை வகுத்துவிட்டால், ஆள் மாறும்போது உட்கார்பவரின் பெயரை மாற்றினால் போதும். எந்த அலுவலகத்துப் பியூனும் சொல்லியிருக்கக்கூடிய விஷயம்தான்; ஆனாலும் கணினிக்கு ஒருவர் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது.

வலைப் பக்கங்களுக்கு வேறொரு தொல்லை, மறதி. ஒரு பக்கத்தை அனுப்பிய கையோடு சர்வர் ஆளை மறந்துவிடும். 1994-ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மான்டுல்லி குக்கியைக் கொண்டுவந்தார். உலாவியிடம் ஒரு சீட்டைக் கொடுத்துவிட்டு, அடுத்த முறை அதைக் காட்டச் சொல்கிற ஏற்பாடு. வந்தவர் யார், எந்த நாற்காலிக்காரர் என்பது அந்தச் சீட்டின் உதவியால் பக்கத்துக்குப் பக்கம் நினைவில் நின்றது.

இணையதளம் அமைக்க உதவும் மென்பொருளான வேர்ட்பிரஸ்ஸில்கூட முதலில் 0 முதல் 10 வரை படிகள்தான் இருந்தன. ஏழாம் படிக்காரர் என்ன செய்யலாம் என்று கேட்டால், விவரம் தெரிந்தவரே கொஞ்சம் யோசிக்க வேண்டும். 2005 டிசம்பரில் வந்த 2.0 பதிப்பு அதை மாற்றி, அட்மினிஸ்ட்ரேட்டர், எடிட்டர், ஆத்தர், கான்ட்ரிபியூட்டர், சப்ஸ்கிரைபர் என ஐந்து நாற்காலிகளைப் போட்டது. கான்ட்ரிபியூட்டர் எழுதலாம், வெளியிட முடியாது. இப்போது நிரல் படியை எண்ணுவதில்லை, இவர் இதைச் செய்யலாமா என்று கேட்கிறது.

கேட்க வேண்டிய இடம் சர்வர். பலர் திரையில் பொத்தானை மறைத்துவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிறார்கள். முகவரியை நேராகத் தட்டினால் பக்கம் திறந்துகொள்ளும். வலைப் பாதுகாப்புக் குறைகளை வரிசைப்படுத்தும் ஓவாஸ்ப் பட்டியலில் 2017-ல் ஐந்தாம் இடத்தில் இருந்த அனுமதிக் கோளாறுகள் 2021-ல் முதலிடத்துக்கு வந்தன. பாயசத்தைப் பரிமாறாமல் விட்டவர்கள் அண்டாவை மூட மறந்திருந்தார்கள்.