அளவு தப்பிய புகையிரதங்கள்

'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்பது பழமொழி. ஆற்றோடு போகும் பொருளுக்கே அளவு வேண்டுமென்றால், மக்களைச் சுமந்து செல்லும் புகையிரதத்துக்கு அது எத்துணை இன்றியமையாதது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. ஆயினும், நுண்ணிய கருவிகளும் தேர்ந்த பொறியியலாளரும் நிறைந்த நாடுகளிலேயே, புதிய வண்டிகளுக்குக் கட்டளை கொடுத்த பின்னர், அவை தங்கள் பாதைக்குப் பொருந்தா என்று கண்டு திகைத்த வரலாறுகள் உண்டு.

புகையிரதப் பாதைக்கு இருவகை அளவுகள் உள. ஒன்று, இரு தண்டவாளங்களுக்கும் இடைப்பட்ட அகலம். இது யாவரும் அறிந்தது. மற்றது, வண்டியின் மேலும் இரு மருங்கும் விடப்பட வேண்டிய வெளி. சுரங்கத்தின் கூரையோ, பாலத்தின் சட்டமோ, மேடையின் விளிம்போ வண்டியைத் தீண்டலாகாது. வளைவுகளில் நீண்ட பெட்டியின் நடுப்பகுதி உட்புறமாகவும் முனைகள் வெளிப்புறமாகவும் ஒதுங்கும். ஆகவே நேர்ப்பாதையில் தப்பிச் செல்லும் வண்டி வளைவிலே உராயக்கூடும். இந்த வெளி பாதை நெடுகிலும் ஒரே தன்மையாய் இருப்பதில்லை. காலத்துக்குக் காலம் வெவ்வேறு கைகள் கட்டிய பாதையல்லவா?

இங்கிலாந்தின் தென்கிழக்கே டன்பிரிட்ஜ் வெல்ஸ் என்னும் நகரிலிருந்து ஹேஸ்டிங்ஸ் என்னும் கடற்கரைப் பட்டினத்துக்கு 1850களின் தொடக்கத்தில் ஓர் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. அதன் சுரங்கங்களைக் கட்டிய ஒப்பந்தகாரர், உடன்பட்ட தொகைக்குக் குறைவான செங்கல் அடுக்குகளையே வைத்துக் கட்டிவிட்டனர். சில ஆண்டுகளுக்குள் களவு வெளிப்பட்டது. சுரங்கங்கள் இடிந்து விழாதிருக்க உட்புறமாக மேலும் செங்கல் அடுக்க வேண்டியதாயிற்று. சுவர் தடித்தது; வழி ஒடுங்கியது. அன்று தொட்டு அப்பாதைக்கென்றே ஒடுங்கிய பெட்டிகளைச் செய்யவேண்டி வந்தது. 1957இல் அங்கு வந்த டீசல் வண்டிகளும் ஒடுங்கியவையே. 1986இல் பாதை மின்மயமாக்கப்பட்டபோது, ஒடுங்கிய சுரங்கங்களுள் இரட்டைப் பாதையை ஒற்றைப் பாதையாக்கிய பின்னரே, வழக்கமான அகலமுடைய வண்டிகள் அங்கு ஓடலாயின. சில அடுக்குச் செங்கல்லிலே மிச்சம் பிடித்ததன் பயனை நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அப்பாதை சுமந்தது.

எனினும் அங்கே ஒரு நன்மை இருந்தது. சுரங்கத்தைப் பேணியவரும் வண்டியை ஓட்டியவரும் ஒரே நிறுவனத்தார். தங்கள் வழி ஒடுங்கியது என்பதை அவர்கள் மறக்கவில்லை. பிற்காலத்தில் வேறு நாடுகளில் இந்த ஒருமை குலைந்தது.

பிரான்சில் 1997ஆம் ஆண்டு பாதைக்கு ஒரு நிறுவனமும் வண்டிகளுக்கு மற்றொரு நிறுவனமும் எனப் பொறுப்பு பிரிக்கப்பட்டது. பின்னர், மாகாணப் பாதைகளுக்கென 341 புதிய வண்டிகளுக்குக் கட்டளை கொடுக்கப்பட்டது. மேடைகளின் அளவுகளைத் தரவேண்டியது பாதை நிறுவனம். அது தந்ததோ முப்பது ஆண்டுகளுக்குள் கட்டப்பட்ட மேடைகளின் அளவு. ஐம்பது ஆண்டுகளுக்கு முன், ஒடுங்கிய வண்டிகள் ஓடிய காலத்தில் எழுந்த மேடைகள் தண்டவாளத்துக்கு இன்னும் நெருங்கி நின்றன. அவற்றை எவரும் அளக்கவில்லை. நாட்டிலுள்ள ஏறத்தாழ 8,700 மேடைகளுள் 1,300 மேடைகளில் புதிய வண்டி நுழைய இடமில்லை என்பது பின்னர் தெரிய வந்தது. குறைந்ததோ சில சென்றிமீற்றர்தான்! 2014ஆம் ஆண்டு மே மாதம் ஒரு வாரப் பத்திரிகை இதனை வெளியிட்டபோது, ஏறக்குறைய 300 மேடைகளின் விளிம்புகள் முன்னரே செதுக்கப்பட்டுவிட்டன. முழு வேலைக்கும் 5 கோடி யூரோ செலவாகும் எனக் கணக்கிடப்பட்டது. அப்பணம் பொதுமக்களின் பணம் என்பதைக் கூற வேண்டுவதில்லை.

ஸ்பெயினிலும் இதனை ஒத்த நிகழ்ச்சி ஒன்று நேர்ந்தது. அந்நாட்டின் வடகரையில் அஸ்தூரியாஸ், காந்தாப்ரியா என்னும் மலைப் பகுதிகளில், ஒரு மீற்றர் அகலமுள்ள பழைய பாதைகள் செல்கின்றன. அவற்றின் சுரங்கங்கள் பல பத்தொன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. ஒன்றின் அளவு மற்றொன்றுக்கு இல்லை. அப்பாதைகளை நடத்திய ஃபேவே நிறுவனம் 2012ஆம் ஆண்டின் இறுதியில் கலைக்கப்பட, பாதைகள் அடிஃப் நிறுவனத்திடமும் வண்டிகள் ரென்ஃபே நிறுவனத்திடமும் சென்றன. 2020ஆம் ஆண்டு ஜூன் மாதம் 31 புதிய வண்டிகளைச் செய்ய 25 கோடியே 80 இலட்சம் யூரோவுக்கு ஒப்பந்தம் எழுதப்பட்டது. மறு ஆண்டு, வண்டிகளைச் செய்ய ஏற்ற தொழிற்சாலையாரே, தமக்குத் தரப்பட்ட அளவின்படி செய்தால் வண்டி சில சுரங்கங்களுள் நுழையாது என்று எடுத்துக் கூறினர்.

நல்ல காலமாக, அதற்குள் ஒரு வண்டிதானும் செய்யப்படவில்லை. பணம் தப்பியது; காலம் தப்பவில்லை. புதிய வண்டிகளின் வருகை ஆண்டுக்கணக்கிற் பின்தள்ளப்பட்டது. பழுதும் தாமதமும் மலிந்த பழைய வண்டிகளிலேயே அம்மலைநாட்டு மக்கள் தொழிலுக்கும் பள்ளிக்கும் வைத்தியசாலைக்கும் சென்று வர வேண்டியதாயிற்று. 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் செய்தி பரவியபோது அவர்கள் கொண்ட சினத்துக்கு இதுவே காரணம். பெப்ரவரி 20ஆம் நாள் ரென்ஃபே தலைவர் இசையாஸ் தாபோவாஸும், போக்குவரத்துத் துறைச் செயலாளர் இசபெல் பர்தோ தெ வேராவும் பதவி துறந்தனர். புதிய வண்டிகள் வரும்வரை அப்பகுதியின் அண்மைச் சேவைகளிற் கட்டணமின்றிப் பயணஞ் செய்யலாம் என்றும் அரசாங்கம் அறிவித்தது.

பின்னர் அங்கு மேற்கொள்ளப்பட்ட பரிகாரம் சிந்திக்கத்தக்கது. ஏட்டிலுள்ள அளவுகளை விடுத்து, அச்சுரங்கங்களுள் நாள்தோறும் இடிபடாமற் சென்று வரும் பழைய வண்டியையே அளவுகோலாகக் கொண்டு புதியதை வரைய முடிவு செய்தனர். முற்காலப் புகையிரதத் தொழிலாளர் இதனை அறிந்திருந்தனர். வண்டியின் மேல் மரச்சட்டம் ஒன்றைப் பொருத்தி, அதனைச் சுரங்கத்துள் மெல்லச் செலுத்தி, எங்கே முட்டுகிறது என்று பார்ப்பது அவர்களது வழக்கம்.

இவ்விரு நாடுகளிலும் கணிதம் அறியாதவர் இருக்கவில்லை. ஓர் அலுவலகம் தன் ஏட்டிலுள்ள எண்ணை எழுதி அனுப்பிற்று. மற்ற அலுவலகம் அதனை நம்பி ஒப்பமிட்டது. ஏட்டுக்கும் தரைக்கும் இடையே நடந்து பார்க்க வேண்டிய கடமை மட்டும் எவர் கையிலும் இல்லாது போயிற்று. பழைய மேடையும் பழைய சுரங்கமும் எவருக்கும் கடிதம் எழுதி அறிவிக்கமாட்டா. அளவுநாடாவுடன் அவற்றிடம் ஒருவர் சென்றே தீரவேண்டும். அந்த நடைக்கு ஆகும் செலவு, செதுக்கிய ஒரு மேடையின் செலவுக்கும் ஈடாகாது.