பக்க வகுப்பும் லேஅவுட் கூறும்: ஜாவா வலைநிரலாக்கத்தில் ஓர் உறவின் வரலாறு

ஓர் இணையதளத்தின் எல்லாப் பக்கங்களிலும் மாறாமல் வரும் தலைப்பகுதி, பட்டி, அடிப்பகுதி ஆகியவற்றை ஒரே இடத்தில் எழுதிவைக்கும் நிரற்கூறு லேஅவுட் எனப்படுகிறது. திரையில் அது பக்கத்தைச் சூழ்ந்து நிற்பதாகத் தோன்றினாலும், நிரலுக்குள் எது எதனுள் அடங்குகிறது என்பதற்கு ஜாவா சட்டகங்கள் ஒரே விடையைத் தரவில்லை. பக்க வகுப்பிலிருந்து லேஅவுட்டை எட்டும் வழியும் அந்த விடைக்கேற்பவே மாறிவந்துள்ளது.

1999இல் ஜேஎஸ்பி வெளிவந்தபோது லேஅவுட் தனிப்பொருளாக இல்லை. தலைப்புக் கோப்பையும் அடிக்கோப்பையும் ஒவ்வொரு பக்கமும் இன்க்ளூட் கட்டளையால் தன்னுள் சேர்த்துக்கொண்டது. தலைப்புக் கோப்புக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டுமெனில், ரெக்வெஸ்ட் பொருளில் ஒரு பெயரிட்டு மதிப்பை வைப்பதே வழக்கம். அப்பெயரில் ஓரெழுத்து பிசகினாலும் கம்பைலர் கண்டுகொள்ளாது.

நெக்ஸ்ட் நிறுவனம் 1996இல் வெளியிட்ட வெப்ஆப்ஜெக்ட்ஸின் தாக்கத்தில் ஹோவர்ட் லூயிஸ் ஷிப் உருவாக்கிய டேப்ஸ்ட்ரி, பக்கத்தைக் கூறுகளின் மரமாகக் கண்டது. 2008இல் வெளிவந்த அதன் ஐந்தாம் பதிப்பில் லேஅவுட், பார்வைக்குத் தலைகீழாக, பக்கத்தின் பிள்ளைக்கூறாகவே அமைகிறது. பக்கத்தின் வார்ப்புருவில் வெளிக்குறியே லேஅவுட் கூறாக அறிவிக்கப்படுவதால் அதன் உரிமையாளர் பக்கம்தான். லேஅவுட் தன் வார்ப்புருவில் ‘பாடி’ குறி உள்ள இடத்தில் பக்கத்தின் உள்ளடக்கத்தை வரைகிறது. எனவே பக்க வகுப்பில் லேஅவுட் வகையில் ஒரு புலத்தை அறிவித்து, அதன்மேல் ‘இன்ஜெக்ட்காம்போனென்ட்’ என்னும் அனோட்டேஷனை, அதாவது சட்டகம் படித்துச் செயற்படுத்தும் குறிப்பை, இட்டால் போதும். கூறின் அடையாளப் பெயரும் புலத்தின் பெயரும் ஒத்திருந்தால் சட்டகமே இணைத்துவிடும். எனினும் தலைப்பு போன்ற எளிய மதிப்புகளுக்கு இது தேவைக்கு மீறிய நெருக்கம். லேஅவுட்டில் ஒரு பாராமீட்டரை அறிவித்து, வார்ப்புருவிலேயே மதிப்பைக் கொடுப்பது தூய்மையானது. பக்கம் லேஅவுட்டின் உள்ளமைப்பை அறியவேண்டியதில்லை.

ஜோனதன் லாக் தொடங்கிய விக்கெட், மரபேற்பை நாடியது. அடிப்படைப் பக்க வகுப்பே லேஅவுட்டாக நிற்க, பிற பக்கங்கள் அதன் வழிவந்த வகுப்புகளாகின்றன. அடிப்படை வார்ப்புருவின் ‘சைல்ட்’ குறியுள்ள இடத்தில் வழிவந்த பக்கத்தின் ‘எக்ஸ்டெண்ட்’ பகுதி பொருந்துகிறது. இங்கு எட்டுவது என்ற சிக்கலே எழாது. தாய்வகுப்பின் மெத்தடை அழைத்தால் வேலை முடிந்தது. ஆனால் ஜாவாவில் ஒரு வகுப்புக்கு ஒரே தாய்வகுப்புதான் என்பதால், லேஅவுட்டுக்காக அந்த ஓரிடமும் செலவாகிவிடுகிறது.

2018இல் வந்த வாடின் பத்தாம் பதிப்பு, திரையில் தெரியும் வரிசையையே நிரலிலும் கொண்டுவந்தது. ‘ரவுட்’ அனோட்டேஷனில் லேஅவுட் வகுப்பின் பெயரைக் குறித்தால், அதற்குள் பக்கம் பொருத்தப்படுகிறது. ஆகவே பக்கம் தன் பெற்றோரைத் தேடி மேலே செல்லவேண்டும். பலர் இடறுவதும் இங்கேதான். கன்ஸ்ட்ரக்டர் ஓடும் நேரத்தில் பக்கம் இன்னும் மரத்தில் சேராததால், பெற்றோரைக் கேட்கும் மெத்தட் வெற்று ஆப்ஷனலையே திருப்பித் தருகிறது. தேடலை, மரத்தில் சேர்ந்தபின் இயங்கும் ‘ஆன்அட்டாச்’ மெத்தடுக்குள் எழுதினால் லேஅவுட் கிடைக்கும்.