நான்கா, ஒன்பதா?

தீக்குச்சியைக் கொளுத்தித் தலைகீழாகப் பிடித்தால் விரல் சுடும். தீ மேலே ஏறும் என்பது பாட்டிக்கும் தெரிந்த சங்கதிதான். ஆனால் எரிவாயுவும் காற்றும் கலந்து நிற்கிற இடத்தில் இந்த 'மேல், கீழ்' விவகாரம் என்ன பாடு படுத்துகிறது என்று புரிய மனிதனுக்கு ரொம்பக் காலம் பிடித்தது.

1812 மே 25. இங்கிலாந்தின் ஃபெல்லிங் நிலக்கரிச் சுரங்கத்தில் மீத்தேன் வெடித்து 92 பேர் மாண்டார்கள். பலர் சின்னப் பையன்கள். அதன் பிறகே, 1815-இல், ஹம்ஃப்ரி டேவி கம்பிவலை போட்ட விளக்கைக் கொடுத்தார். காற்றில் எவ்வளவு மீத்தேன் சேர்ந்தால் வெடிக்கும் என்றும் அளந்தார்.

பின்னால் வந்தவர்கள் குழாயை நிமிர்த்தி வைத்துச் சோதித்தார்கள். அமெரிக்கச் சுரங்கத் துறைக்காக கோவர்டும் ஜோன்ஸும் 1952-இல் தொகுத்த அறிக்கையில் ஹைட்ரஜன் கணக்கைப் பாருங்கள். குழாயின் அடியில் பற்ற வைத்தால், காற்றில் 4 சதவீதம் இருந்தாலே தீ மேலே ஏறுகிறது. உச்சியில் பற்ற வைத்தால் கீழே இறங்க 9 சதவீதம் வேண்டும். படுக்க வைத்த குழாயில் 6. அதே வாயு, அதே காற்று! எரிந்த வாயு சூடாகி லேசாகிறது. பலூன் மாதிரி எழும்பி, நோஞ்சான் தீயையும் கூடவே தூக்கிப் போகிறது. கீழே இறங்க வேண்டிய தீயோ இந்த எழுச்சியை எதிர்த்துத் தன் சொந்த வேகத்தில் போக வேண்டும். அதற்குத் தெம்பில்லாவிட்டால் அணைந்துவிடும். 4 சதவீதத்தில் ஏறும் தீகூடத் துண்டு துண்டாகத்தான் போகும். பாதி வழியில் விட்டுப்போகிற ஹைட்ரஜனே அதிகம்.

நான் வேலை பார்க்கும் ஆலையில் கசிவு காட்டும் கருவி 0.4 சதவீதத்திலேயே கூவும். 4-இல் பத்தில் ஒரு பங்கு. புதிதாக வரும் பையன்கள், "இது ரொம்ப ஓவர் சார்" என்பார்கள். பொறி கூரையில்தான் விழும் என்று யாராவது எழுதிக் கொடுத்தால் 9-ஐ வைத்துக் கணக்குப் போடலாம். யார் கொடுப்பார்கள்?

சரி, புவியீர்ப்பே இல்லாவிட்டால்? நகராமல் நிற்கும் தீப்பந்து ஒன்று சாத்தியம் என்று 1944-இல் செல்டோவிச் என்ற ரஷ்யர் காகிதத்தில் காட்டினார். ஆனால் அது நிலைக்காது என்றும் சொல்லிவிட்டார். நாற்பது வருஷம் கழித்து, நாசாவில் சோதனைப் பெட்டியை உயரத்திலிருந்து விழவிட்டு, விழுகிற ஓரிரு விநாடிக்குள் உள்ளே எரிவதைப் பார்த்த பால் ரோனிக்கு எதிர்பாராமல் அந்தப் பந்துகளே கிடைத்தன. விழும் பெட்டிக்குள் எடை ஏது?

1997-இல் கொலம்பியா விண்கலத்தில் அதே பந்துகள் 500 விநாடி நின்றன. ஒவ்வொன்றும் ஓரிரு வாட் சக்திதான். பிறந்தநாள் மெழுகுவர்த்தியே சுமார் 50 வாட்! 2003 ஜனவரியில் அதே கலத்தில் ஒரு பந்து 81 நிமிடம் எரிந்தது. அந்தப் பயணத்தில் நம் கல்பனா சாவ்லாவும் இருந்தார். பிப்ரவரி 1-இல் திரும்பும்போது கலம் சிதறி ஏழு பேரும் போனார்கள். தீப்பந்து அளவீடுகளில் கணிசமான பகுதி அதற்கு முன்பே தரைக்கு வந்து சேர்ந்திருந்தது.