அச்சுக்கு முந்திய கண்கள்

வெள்ளம் சூழ்ந்த சென்னையில் 2015 டிசம்பர் 2ஆம் தேதி ‘தி இந்து’ நாளிதழ் வெளிவரவில்லை. மறைமலைநகர் அச்சகத்துக்குத் தொழிலாளர்கள் போய்ச்சேர வழியில்லை. 1878இல் தொடங்கிய இதழ் அச்சேற முடியாமல் போனது அதுவே முதல்முறை. ஆனால் செய்தி நிற்கவில்லை. எந்தப் பாலம் மூழ்கியது, எந்தத் தெருவுக்குப் படகு வேண்டும், எங்கே சோறு கிடைக்கும் என்பதெல்லாம் இணையத்தில் வந்துகொண்டே இருந்தன. கூடவே, முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பி ஊருக்குள் வந்துவிட்டன என்ற வதந்தியும் வந்தது. பண்ணை நிர்வாகம் மறுப்புச் சொல்வதற்குள் அது பல்லாயிரம் கைபேசிகளைத் தொட்டுவிட்டது. அச்சு இயந்திரத்தின் துணையில்லாமல் செய்தி ஓடும் காலத்தில், அதைப் பிடித்து நிறுத்திப் பார்ப்பவர் யார் என்ற கேள்வி அந்த நாள்களில் பளிச்சென்று தெரிந்தது.

அச்சுக் காலத்துச் செய்தி பல கைகளைக் கடந்தே வாசகரிடம் வந்தது. நிருபர் எழுதியதை உதவி ஆசிரியர் வெட்டித் தலைப்பிடுவார். தலைமை உதவி ஆசிரியர் பக்கத்தில் இடம் ஒதுக்குவார். அச்சுக்கோத்த பின் மெய்ப்புத் திருத்துபவர் எழுத்தெழுத்தாகப் படிப்பார். அவர்களுள் ஒருவர், “இந்தப் பெண்ணின் ஊர்ப் பெயர் வேண்டாமே” என்று சொல்ல, பக்கம் முடியும்வரை நேரம் இருந்தது. இந்த ஏற்பாடு அறத்துக்காக உருவானதன்று. அச்சேறிய பிழையைத் திரும்பப் பெற முடியாது என்ற அச்சத்தால் உருவானது. ஆனாலும் அறம் குடியிருக்க அதற்குள் இடம் கிடைத்தது. கணினி வந்ததும் மெய்ப்புத் திருத்துபவரின் நாற்காலிகள் காலியாயின. இன்று நிருபரே படம் எடுத்து, எழுதி, தலைப்பிட்டு ஏற்றுகிறார். எந்தச் செய்தியை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பதைக் காட்டும் திரை அலுவலகத்தின் நடுவே ஒளிர்கிறது. பிழை இருந்தால் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்ற எண்ணம் எல்லோருக்குள்ளும் புகுந்துவிட்டது.

மாற்றிக்கொள்ள முடியாத பிழைகள் உண்டு. ஜம்மு காஷ்மீரின் கதுவாவில் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்ட சிறுமியின் பெயரும் படமும் 2018இல் நாடெங்கும் வெளிவந்தன. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டுச் சட்டம் இதைத் தடுத்திருந்தது. அவ்வாறு வெளியிட்ட ஊடக நிறுவனங்கள் தலா 10 லட்சம் ரூபாய் செலுத்த வேண்டும் என்று தில்லி உயர் நீதிமன்றம் கூறியது. இறந்துவிட்ட குழந்தையின் பெயரைச் சொல்லலாம் என்று தவறாக எண்ணிவிட்டோம் என்பது நிறுவனங்கள் தரப்பில் தரப்பட்ட விளக்கம். இத்தனை அலுவலகங்களில், “கொஞ்சம் பொறுங்கள், சட்டத்தைப் பார்த்துவிடுவோம்” என்று ஒருவரால்கூடச் சொல்லி நிறுத்த முடியாமல் போனதே என்பதுதான் எனக்கு ஆற்றாத வருத்தம்.

பிழையைச் சுட்டுவதையே ஒருவருக்கு வேலையாகக் கொடுத்த இதழ்களும் இருக்கின்றன. லண்டன் ‘கார்டியன்’ 1997இல் இயன் மேயஸை வாசகர் ஆசிரியராக அமர்த்தியது. அந்த வழியில் ‘தி இந்து’ 2006இல் கே. நாராயணனை நியமித்தது. வாசகர் புகாரைக் கேட்டு, தன் இதழின் பிழையை அந்த இதழிலேயே எழுதும் அதிகாரம் அந்தப் பதவிக்கு உண்டு. ‘நியூயார்க் டைம்ஸ்’ இதழோ, தன் நிருபர் ஜேசன் பிளேரின் பொய்ச் செய்திகளால் தலைகுனிந்த 2003இல் உருவாக்கிய இதே போன்ற பதவியை 2017இல் நீக்கிவிட்டது. சமூக ஊடகங்களில் வாசகர்களே காவலர்களாக இருக்கிறார்கள் என்பது அதற்குச் சொன்ன காரணம். இதை நான் ஏற்கவில்லை. கூட்டத்தின் கோபம் ஒரு நாளில் எழுந்து மறுநாள் வேறு திசைக்குப் போய்விடும். நிருபரின் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கி, இரு பக்கமும் விசாரித்து, தவறு இன்னது என்று எழுத ஓர் ஆள் வேண்டும்.

ஆனால் அந்த ஆளும் தான் வாழ்ந்த வாழ்க்கையிலிருந்துதான் பார்ப்பார். 1996இல் பி.என். உனியால் என்ற மூத்த பத்திரிகையாளர், ஒரு வெளிநாட்டு நிருபர் கேட்டதற்காக ஒரு தலித் பத்திரிகையாளரைத் தில்லியில் தேடினார். அரசு அங்கீகாரம் பெற்ற நிருபர்களின் பட்டியலைப் புரட்டியும் பலரிடம் விசாரித்தும் ஒருவரும் கிடைக்கவில்லை என்று ‘பயனீர்’ இதழில் எழுதினார். 2019இல் ஆக்ஸ்பாமும் நியூஸ்லாண்டரியும் வெளியிட்ட ஆய்வில், எண்ணிப் பார்த்த 121 தலைமைப் பொறுப்புகளில் 106 உயர்சாதியினர் கையில் இருந்தன. பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ ஒருவர்கூட இல்லை. இதை வேலைவாய்ப்புக் கணக்காக மட்டும் பார்த்தால் பாதிதான் புரியும். ஒரு தெருவில் புகுந்து இன்னொரு தெருவார் வீடுகளைக் கொளுத்தியபோதும் ‘இரு தரப்பினர் மோதல்’ என்று தலைப்பிடும் வழக்கம் நம் நாளிதழ்களில் நெடுங்காலம் நீடித்தது. எரிந்த தெருவில் பிறந்த ஒருவர் அன்றிரவு செய்தி மேசையில் இருந்திருந்தால் அந்தத் தலைப்பு கேள்வியில்லாமல் போயிருக்காது.

இதற்கு மறுபக்கமாக ஒரு செய்தி அலுவலகம் உத்தரப் பிரதேசத்தின் சித்ரகூட் மாவட்டத்தில் உருவானது. ‘கபர் லஹரியா’ 2002இல் நிரந்தர் என்ற பெண்கல்வி அமைப்பின் துணையோடு, புந்தேலி மொழியில் அச்சிதழாகத் தொடங்கியது. எழுதியவர்கள் கிராமத்துப் பெண்கள். பெரும்பாலோர் தலித்துகள், சிலர் இஸ்லாமியர், பழங்குடியினர். பலர் இளவயதில் மணமுடித்து, பிறகு எழுத்தைப் பிடித்தவர்கள். 2009இல் யுனெஸ்கோவின் கிங் செஜோங் எழுத்தறிவுப் பரிசு இதழுக்குக் கிடைத்தது. வறண்ட கிணறு, வராத ரேஷன் அரிசி, முதல் தகவல் அறிக்கை பதிய மறுக்கும் காவல் நிலையம் என்று தில்லி இதழ்கள் ஒரு பத்தியில் முடிப்பதை அவர்கள் வாரம்தோறும் பின்தொடர்ந்தார்கள்.

2010களின் நடுவில் அச்சை விட்டுக் கைபேசிக்கும் காணொளிக்கும் மாறினார்கள். கைபேசியையே தொட்டுப் பழகாத நிருபர்கள் இருந்தார்கள். அதில் ஆங்கில எழுத்து வேறு. ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுத்தே அந்த மாற்றத்தைக் கடந்தார்கள். இதில் நான் கவனிப்பது இதைத்தான்: கருவி மாறியபோது அவர்களின் செய்தி மாறவில்லை. வன்முறைக்கு ஆளான பெண்ணிடம் எப்படிப் பேசுவது, எப்போது கேமராவை அணைப்பது என்பதை அவர்கள் நெறிமுறைப் புத்தகத்திலிருந்து மட்டும் கற்கவில்லை. அந்த வீட்டுத் திண்ணையில் மறுநாளும் அவர்கள் போய் உட்கார வேண்டும். தங்கள் முகத்தைக் காட்ட வேண்டிய ஊரைப் பற்றித்தான் எழுதுகிறார்கள்.

அவர்களைப் பற்றிய ‘ரைட்டிங் வித் ஃபயர்’ ஆவணப்படம் 2022இல் ஆஸ்கர் பரிந்துரை பெற்றது. உலகமே பாராட்டிய அந்த நேரத்தில் அவர்கள் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். படம் உருக்கமானது, ஆனால் எங்கள் வேலை ஒரு கட்சியை மட்டுமே சுற்றி நடப்பதுபோல் காட்டியிருப்பது சரியல்ல என்றார்கள். தங்களைப் புகழும் கதையிலும் பிழையைச் சுட்டியதை அண்மைக்கால இந்திய இதழியலின் மிகச் சிறந்த செயல்களில் ஒன்றாக நான் மதிக்கிறேன்.

தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட இதழியலை எங்கே தொடங்குவது என்று கேட்டால் தாலுகா நிருபரிடமிருந்து என்பேன். பல இதழ்களில் அவருக்கு மாதச் சம்பளம் கிடையாது. அனுப்பும் செய்திக்கு ஏற்பத் தொகை, சில இடங்களில் விளம்பரம் பிடித்துத் தரும் பொறுப்பும் உண்டு. ஊர்ப் பெரிய மனிதரிடம் பொங்கல் மலருக்கு விளம்பரம் கேட்டவர், அவருடைய மணல் லாரியைப் பற்றி எப்படி எழுதுவார்? இன்று அதே நிருபர்தான் காணொளி எடுத்து வாட்ஸ்அப்பில் அரை மணிக்குள் அனுப்பவும் வேண்டும். விளம்பரத்தை அவர் தோளிலிருந்து இறக்கி, ஊதியத்தை மாதக் கணக்காக்கி, இதுவரை எழுத வராத தெருக்களிலிருந்து ஆள் எடுக்க வேண்டும். தளத்தில் ஏற்றிய செய்தியைத் திருத்தினால் எப்போது, எதைத் திருத்தினோம் என்று அதன் கீழேயே எழுத வேண்டும். மேசையில் ஒருவருக்கு, பார்வை எண்ணிக்கை எவ்வளவு ஏறினாலும் செய்தியை நிறுத்திவைக்கும் அதிகாரம் வேண்டும். அவருடைய தொலைபேசி எண் கடைக்கோடி நிருபர்வரை எல்லோரிடமும் இருக்க வேண்டும்.