துலாவும் நீர்த்தாங்கியும்

இரவில் உயரத்தில் ஏற்றிவைத்த நீரை, காலையில் ஊரே குழாயைத் திறக்கும் வேளையில் தன் எடையாலேயே இறக்கிக் கொடுப்பது நீர்த்தாங்கியின் வேலை. 10 மீற்றர் உயரம் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தத்தைத் தரும். 19ஆம் நூற்றாண்டில் இத்தாங்கிகள் பரவ நகரக் குழாய்நீர் ஒரு காரணம், நீராவி ரயில் இன்னொரு காரணம். வண்டி நிற்கும் சிறிது நேரத்துக்குள் இயந்திரத்தின் தொட்டி நிரம்ப வேண்டுமானால் நீர் மேலிருந்துதான் விழ வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் 1902இல் ரயில் ஓடத் தொடங்கியது. 1905இல் பாதை கொழும்புடன் இணைந்தது. தண்டவாளம் சுன்னாகம் வழியே காங்கேசன்துறைக்குச் சென்றது. வடமராட்சிப் பக்கம் அது திரும்பவில்லை.

ரயில் வராத அந்த வடமராட்சியின் பருத்தித்துறையில் நீரை உயர்த்தியது துலா. வற்றாத ஆறில்லாத குடாநாட்டில் மாரிமழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின்மேல் நன்னீராக மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 மீற்றர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரை அது இருக்கும் என்பது நீரியல் கணக்கு. நிலமே தாங்கியாக இருந்த ஊரில் கிணறுதான் அதன் வாய்.

துலா நீண்ட பனைமரத்தால் ஆனது. இரண்டு ஆடுகால்களுக்கு நடுவே குறுக்காகப் போட்ட அச்சுலக்கையில் அது ஏறி இறங்கும். பல தோட்டங்களில் ஆடுகால் உயிருள்ள பூவரசு. மெல்லிய நுனியில் துலாக்கொடி, அதன் அடியில் பனையோலையால் இழைத்த பட்டை. துலா மிதிப்பவர் மரத்தின்மேல் கிணற்றுப் பக்கம் நடந்தால் பட்டை நீருக்குள் அமிழும். பின்பக்கம் நடந்தால் நிறைந்து மேலே வரும். கிணற்றடியில் நிற்பவர் அதைப் பிடித்து வாய்க்காலில் கவிழ்ப்பார். மூன்றாமவர் மண்வெட்டியுடன் புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறுவார். கால்தவறினால் உயிருக்கே ஆபத்தான வேலை இது. நீராவி இயந்திரத்துக்கும் இரும்புத் தாங்கிக்கும் கிடைக்கும் தொழில்மரபு என்ற மதிப்பு துலாவுக்கும் உரியது. அது இன்னும் போதிய அளவில் கிடைக்கவில்லை.

1950களிலிருந்து மண்ணெண்ணெய் இயந்திரங்கள் பரவ, துலாக்கள் ஒவ்வொன்றாய் இறங்கின. மனிதக் கால்கள் ஓய்ந்ததோடு இறைப்பும் நின்ற காலம் போய்விட்டது. இயந்திரம் அளவுக்கு மீறி இறைத்தால் நன்னீர்ப் படை மெலிந்து உவர்நீர் மேலெழும். அதனுடன் உரத்தின் நைத்திரேற்றும் கிணறுகளில் சேர்ந்தது. நல்ல தண்ணீர்க் கிணறு கைவிட்டுப்போவது குடாநாட்டில் ஒரு குடும்பத்தின் பெரும் இழப்பு.

குழாய்நீருக்கான பெருந்திட்டம் உள்நாட்டுப் போருக்குப் பிறகே உருவெடுத்தது. போரின் தடம் தாங்கிகளிலும் உண்டு: இறுதிப் போரின்போது கிளிநொச்சியில் சரிக்கப்பட்ட பெரிய நீர்த்தாங்கி, ஏ9 வீதியோரம் பக்கவாட்டில் கிடந்து பயணிகளை நிறுத்தியது. ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியுடன் இரணைமடுக் குளத்து நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவருவதே முதல் திட்டம். வயலுக்கே நீர் போதாது என்று கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தனர்; அவர்களின் அச்சம் நியாயமானது. ஆகவே திட்டம் கடலை நோக்கித் திரும்பியது. வடமராட்சி கிழக்கில் தாளையடியில், கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நன்னீரை உருவாக்கும் நிலையம் 2024 ஓகஸ்ட்டில் திறக்கப்பட்டது. அத்திட்டத்துக்காகக் குடாநாட்டின் பல ஊர்களில் கொங்கிறீற்றுத் தாங்கிகள் எழுந்துள்ளன.