சென்னைப் பல்கலைக்கழகச் சின்னம்

சென்னைப் பல்கலைக்கழகச் சின்னம் புலி, யானைத் தலைகள், தாமரை, லத்தீன் குறிக்கோளுரை ஆகியவற்றைக் கொண்ட கேடய வடிவச் சின்னமாகும். ஐரோப்பியக் கேடயச் சின்ன மரபின் இலக்கணப்படி இது அமைக்கப்பட்டது. ராயபுரம், வண்ணாரப்பேட்டை, திருவொற்றியூர் பகுதிகளின் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் பலரின் சான்றிதழில் இடம்பெற்ற சின்னமும் இதுவே.

பின்னணி

கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களும் 1857ஆம் ஆண்டில் நிறுவப்பட்டன. சென்னைப் பல்கலைக்கழகம் அவ்வாண்டு செப்டம்பர் 5 அன்று சட்டத்தின் வழி உருவானது. லண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டதால், தொடக்கத்தில் இது பாடம் நடத்தவில்லை. இணைவுபெற்ற கல்லூரிகளின் மாணவர்களுக்குத் தேர்வு நடத்திப் பட்டம் வழங்கியது. எனவே பெரும்பாலான மாணவர்களுக்குப் பல்கலைக்கழகம் என்பது கட்டடத்தைவிடச் சான்றிதழிலும் அதன் மேலிருந்த சின்னத்திலுமே அறிமுகமானது.

அமைப்பு

கேடயத்தின் கீழ்ப்பகுதி வெண்ணிறம். அதன் அடியில் இளம்பச்சை மேடு. மேட்டின் மேல் இயற்கையான நிறத்தில் ஒரு புலி நடந்து செல்கிறது. கேடயத்தின் மேற்பட்டை கறுப்பு. அதன் நடுவே செங்குத்தான பொன்னிறப் பட்டையில் தண்டும் இலைகளும் கொண்ட தாமரை உள்ளது. தாமரையின் இருபுறமும் கறுப்புப் பின்னணியில் சாம்பல் நிற யானைத் தலைகள் உள்ளன. கேடயத்தின் கீழ், சிவப்பு ஓரமிட்ட நாடாவில் குறிக்கோளுரை கறுப்பு எழுத்துகளில் எழுதப்பட்டுள்ளது.

உருவங்கள் இந்திய நிலத்தைச் சேர்ந்தவை. அவற்றை அடுக்கிய முறை ஐரோப்பாவைச் சேர்ந்தது. சோழர் செப்பேட்டு முத்திரைகளில் புலி அமர்ந்திருக்கும். அருகே சேரரின் வில்லும் பாண்டியரின் இரட்டை மீன்களும் இடம்பெறும். பல்கலைக்கழகச் சின்னத்தின் புலியோ ஐரோப்பியக் கேடயங்களில் சிங்கம் நடப்பதுபோல் நடக்கிறது. ஜப்பானியப் பல்கலைக்கழகங்கள் சில வேறு வழியைக் கொண்டன. டோக்கியோ பல்கலைக்கழகம் கிங்கோ இலைகளையும், கியோட்டோ பல்கலைக்கழகம் தன் வளாகத்துக் கற்பூர மரத்தையும் சின்னமாக்கின.

குறிக்கோளுரை

‘கல்வி உள்ளார்ந்த ஆற்றலை வளர்க்கிறது’ என்பது லத்தீன் குறிக்கோளுரையின் பொருள். ரோமானியக் கவிஞர் ஹொரேஸ் எழுதிய பாடல்களின் நான்காம் நூலிலிருந்து இது எடுக்கப்பட்டது. பேரரசர் அகஸ்டஸின் வளர்ப்பு மகன் துரூசஸின் போர் வெற்றியைப் புகழும் பாடல் அது. வலியவரிடமிருந்தே வலியவர் பிறப்பர் என்று சொல்லும் கவிஞர், பிறப்பு மட்டும் போதாது, பயிற்சியும் வேண்டும் என்று அடுத்துத் திருத்துகிறார். பல்கலைக்கழகம் இரண்டாவது கருத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. உயர்குடிப் பிறப்பைப் பாடிய கவிதையிலிருந்து பிரிந்ததால், அந்தத் தொடர் எக்குடியினருக்கும் பொருந்துவதாயிற்று.

வடசென்னையில்

வடசென்னையில் இந்தப் பொருள் நடைமுறைக்கு வந்தது. ராயபுரத்தை ஒட்டிய ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி 1938இல் அப்பெயர் பெற்றது. தனி மருத்துவப் பல்கலைக்கழகம் 1980களின் இறுதியில் செயல்படத் தொடங்கும்வரை அதன் பட்டங்களைச் சென்னைப் பல்கலைக்கழகமே வழங்கியது. பழைய வண்ணாரப்பேட்டையில் 1950இல் சர் தியாகராயா கல்லூரியும், 1964இல் பிராட்வே பகுதியில் பாரதி மகளிர் கல்லூரியும் தொடங்கப்பட்டன. துறைமுகத் தொழிலாளர், மீனவர், ஆலைத் தொழிலாளர் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு வீட்டருகே கல்லூரி கிடைத்தது. தந்தையின் தொழிலே மகனுக்கும் என்றிருந்த பகுதியில், பிறப்பைவிடக் கல்வியை முன்வைத்த சின்னம் வீட்டுச் சுவரில் சட்டமிட்டு மாட்டப்பட்டது.

தொடர்ச்சி

1947இல் நாடு விடுதலை பெற்ற பின்னரும், 1996இல் நகரின் ஆங்கிலப் பெயர் மாறிய பின்னரும் சின்னம் தொடர்ந்தது. ஆங்கிலத்தில் பல்கலைக்கழகத்தின் பெயர் இன்றும் ‘மெட்ராஸ்’ என்றே உள்ளது. காலனிய ஆட்சிக் காலத்தின் வடிவம், பெரும்பாலானோர் படிக்க இயலாத மொழி என்னும் இரண்டையும் இச்சின்னம் சுமக்கிறது. எனினும் அதன் மதிப்பை உருவாக்கியவர்கள் அதன்கீழ்ப் பட்டம் பெற்ற மாணவர்களே.